சுறாவை முகர்ந்து பார்த்த அக்கா

அந்த மழைக்காலத்தில் எங்கள் கடற்கரை முழுவதும் சளிக்காய்ச்சல். எல்லோருக்கும் சுகமானது. எனக்கும் காய்ச்சல் விட்டது, மூக்கடைப்பும் போனது. ஆனால் மணம் மட்டும் திரும்பவில்லை. மீன்காரிக்கு மணம் தெரியவில்லை என்று வெளியே தெரிந்தால் யாவாரம் அம்போதான். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. செவுளின் சிவப்பையும் கண்ணின் தெளிவையும் பார்த்தே ஏலம் எடுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், திமிரும் உண்டு.

கொட்டாரம் ஊரில் ஒரு அக்கா வீட்டுக்குப் பத்து வருடமாக மீன் கொடுத்துவந்தேன். ஒருநாள்கூட அவர் என் மீனை முகர்ந்து பார்த்ததில்லை. தலையிலிருந்து மீன் சருவத்தை இறக்கினால், நான் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்வார். அவருடைய மகள் பிரசவித்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல வெள்ளைச் சதையாகப் பார்த்து ஒரு பால்சுறா கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கெட்ட சுறாவைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மூத்திர வாடைதான் காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் அக்கா வாசலிலேயே நின்றார். "வெந்நீர்ல போட்டதும் வீடே நாறிச்சுட்டி. பச்சப்பிள்ளைக்குப் பால் குடுக்கவளுக்கு இதையா தருவ?"

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மீனுக்கு ஐஸ் கொடுத்த ஐஸ்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்தேன். வெட்கங்கெட்ட வேலை.

அன்றைக்கே நாகர்கோவிலில் மூக்கு டாக்டரைப் பார்த்தேன். சைனஸ் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கம்மலையும் கழுத்தில் கிடந்த மாதா உத்தரியக் கயிற்றையும் கழற்றி வைத்துவிட்டு மெஷினுக்குள் படுத்தேன். "மாதாவே, ஏதாவது ஒரு அடைப்பு இருக்கணும்" என்று வேண்டினேன். அடைப்பு என்றால் எடுத்துவிடலாம் அல்லவா?

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கன்னத்துக்குள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. அப்பாடா, வியாதி அகப்பட்டுவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"இந்தக் கறுப்பை எப்ப எடுப்பிய டாக்டர்?"

"அது காத்தும்மா. காத்து இருக்க இடமெல்லாம் கறுப்பாத்தான் தெரியும். அடைப்பே இல்ல. அந்தச் சளிக்காய்ச்சல் வைரஸ் மணம் பிடிக்கிற இடத்தையே கெடுத்திருக்கும்னு நினைக்கேன். அது ஸ்கேன்ல தெரியாது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்."

எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டு அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன்.

மறுநாள் காலையில் கொட்டாரத்து அக்கா வாசலில் சருவத்தை இறக்கினேன்.

"அக்கா, ஐஸ்காரன் மேல தப்பு இல்ல. எனக்கு ஒரு மாசமா மணம் தெரியல. உங்ககிட்ட மறைச்சிட்டேன். இன்னைக்கும் சுறா இருக்கு. நீங்களே மோந்து சொல்லுங்க."

அக்கா குனிந்து, சுறாவை இரண்டு கையாலும் எடுத்து, மூக்கோடு சேர்த்து வைத்து முகர்ந்தார்.

"நல்ல மீன்தாம்ட்டி. அறுத்துத் தா."

அறுத்துக் கொடுத்தேன். மிச்ச மீனையும் ஒவ்வொன்றாக அவரிடம் நீட்டினேன். அவர் நல்லது என்று சொன்னதை மட்டும் சருவத்தில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.