வாயில் மருந்து இருந்தபோது பேசிய குரல்

இருபத்திரண்டு வருடமாக அந்த ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்லி வந்தவளை எல்லோரும் மைக் அக்கா என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் தங்கை மட்டும், "கத்தாதே, இது பிளாட்பாரம் இல்லை" என்பாள்.

மைக் அக்காவுக்கு ஆஸ்துமா. வேலைக்கு வந்ததும் ஒரு தடவை, கிளம்புமுன் ஒரு தடவை இன்ஹேலரை உறிஞ்சுவாள்; உறிஞ்சிய கையோடு மைக்கைத் திறந்துவிடுவாள். சில மாதத்தில் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பாலாடை மாதிரி வெள்ளை படிந்தது. துடைத்தால் ரத்தம். காரம் பட்டால் நெருப்பு. குரலும் கரகரத்தது.

"ஒரு வாரம் பார்க்கிறேன் அக்கா. இல்லேன்னா பதிவு பண்ணின குரலைத்தான் போடணும்" என்றார் நிலைய மேலாளர். அவள் அன்றைக்கே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்தார். "பஃப் எடுத்ததும் வாய் கொப்பளிச்சீங்களா?"

"கொப்பளிச்சிட்டு வந்தா வண்டி போயிடும் டாக்டர்."

"நல்லா இருக்கு! மருந்து வாயிலயே தங்கி, பூஞ்சைக்கு விருந்து வச்சிருக்கு. இனிமே கொப்பளிச்சிட்டுத்தான் பேச்சு. இந்தச் சொட்டு மருந்து நாலு வேளை. வாய் பூராவும் சுழட்டி, முடிஞ்ச மட்டும் வச்சிருந்து முழுங்குங்க. வெள்ளை போனாலும் இன்னும் ரெண்டு நாள் நிறுத்தக்கூடாது."

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு, அறிவிப்பு அறையில் மருந்தை வாயில் விட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. மைக்குக்குக் கை நீட்டுவதற்குள் ஒலிபெருக்கி பேசியது. "பயணிகளின் கவனத்திற்கு..." அவள் குரலேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த குரல். மைக்கின் சிவப்பு விளக்கு எரியவில்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "அக்கா, குரல் கண்ணாடி மாதிரி இருக்கே!"

அவள் தலையை ஆட்டி வைத்தாள். மருந்தை விழுங்கியதும் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. வேலை பிழைத்ததே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. ஐந்து நாள் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் அதுவே பேசியது. வெள்ளையும் மறைந்தது.

ஆறாம் நாள் அது, "நான்காம் நடைமேடைக்கு வரவும்" என்றது. நிலையத்தில் இருப்பதே மூன்று. பயணிகள் ஒருவரையொருவர் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மூன்றாம் நடைமேடையின் கோடிக் கதவைத் தாண்டி, தண்டவாளத்தில் இறங்கினார்கள்.

அவள் மருந்தை விழுங்கி மைக்கைத் திறந்தாள். "திரும்புங்க! ஏறுங்க மேல!" கிழிந்த துணி மாதிரி வந்தது குரல். தூக்கம் கலைந்தவர்கள்போல் ஏறினார்கள். கடைசி ஆள் ஏறியதும், நிற்காத வண்டி ஒன்று அந்தத் தடத்தில் பறந்தது.

மேலாளர் ஓடி வந்தார். "என்ன உளறுறீங்க? நாலாவது எங்க இருக்கு?"

"நான் பேசலை சார். என் வாயில மருந்து இருந்தா அது பேசுது."

"சரிதான். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க. பதிவுக் குரல் போட்டுக்கிறேன்."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு இங்க வந்து உட்காருங்க. அப்புறம் அனுப்புங்க."

வந்தார். அவரே ஒலிபெருக்கியின் மின்கம்பியைப் பிடுங்கினார். "கரண்டே இல்லை. பேசச் சொல்லுங்க உங்க பேயை!"

அவள் மருந்தை விட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒலிபெருக்கி, குழந்தையைக் கூப்பிடுவதுபோல் மெதுவாக, "நிலைய மேலாளர் அவர்கள் நான்காம் நடைமேடைக்கு வரவும்" என்றது.

அவர் எழுந்தார். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் ஆளில்லை. கை கதவைத் திறந்துவிட்டது. அவள் அவர் சட்டையைப் பிடித்துத் தொங்கி, மருந்தை ஒரே மடக்காக விழுங்கினாள். "உட்காருங்க சார்!"

உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. அவள் தண்ணீர் கொடுத்தாள்.

"அக்கா," என்றார், "நாலாவது எந்தப் பக்கம்னு எனக்குத் தெரிஞ்சுது."

"சொல்லாதீங்க. குடிங்க."

நிலையத்தில் மீதி இருந்த ஒரே வேளைக்கு, மூன்று மணிக்கு, கோடிக் கதவைப் பூட்டச் சொன்னார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தன்னை நாற்காலியோடு கட்டச் சொல்லி, அவள் எதிரிலேயே உட்கார்ந்தார். பதிவுக் குரல் கேட்டு மேலிடத்துக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை, கட்டு அவிழ்ந்ததும் தன் கையாலேயே கிழித்துப் போட்டார்.