தேயிலைக்குள் விழுந்த பந்து

எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் நிரஞ்சலாவைவிட வேகமாகக் கொழுந்து பறிப்பவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். அவளைவிட வேகமாக முடிவெடுப்பவர் யாரும் இல்லை. மாப்பிள்ளை பார்க்க வந்த அன்றைக்கே சரி என்று சொன்னவள். பெண்களுக்கு சொப்ட்போல் கிரிக்கெட் அணி ஒன்று வேண்டும் என்று தோன்றியதும், மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றவர்களுக்குள்ளேயே பதினொரு பேரைச் சேர்த்துவிட்டாள். ஐம்பதைத் தொட்ட பெரியாயிகூடத் தப்பவில்லை. நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவன். எண்ணத் தெரியும் என்ற ஒரே தகுதியில் என்னை ஸ்கோர் எழுத உட்கார வைத்தாள்.

நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கும் தேயிலைக்கும் நடுவில் இருக்கும் சரிவுதான் எங்கள் மைதானம். அணிக்கு இருந்தது ஒரே ஒரு பந்து. அது தேயிலைக்குள் போனால் இரண்டு ஓட்டம், அத்தோடு ஆட்டம் நிற்கும். அடித்தவள், போட்டவள் என்று பார்க்காமல் எல்லோரும் இறங்கித் தேட வேண்டும். இது எங்கும் எழுதி வைத்த சட்டமல்ல. ஊர் உலகமெல்லாம் இப்படித்தான் ஆடுகிறது என்று நாங்கள் பாட்டுக்கு நினைத்திருந்தோம். தேடுவதில் நிரஞ்சலாவை அடிக்க ஆளில்லை. கொழுந்து பார்த்துப் பழகிய கண் அது.

போன வருஷம் லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற அணி பதுளைக்குப் போய்ப் பெரிய மைதானத்தில் ஆடலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த அந்த மைதானத்தில் ஒரு தடவையாவது மட்டையோடு நிற்க வேண்டும் என்பது நிரஞ்சலாவின் ஆசை. தனக்கென்று அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

போட்டியன்று காலையில் கெப்டன்மாரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரே மாதிரி இரண்டு தாள் கொடுத்தார்கள். பெரட்டில் பெயர் பதிகிற மாதிரி என்று நினைத்து, ஒன்றில் மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மற்றதை என்னிடம் நீட்டினாள். வாசிப்பதும் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதும்தான் என் தொழில். ஆனால் புல் ஈரமாக இருந்தது. தாளை விரித்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசி ஆட்டம் லுணுகலை டவுன் பெண்களோடு. இரண்டு பந்தில் ஐந்து ஓட்டம் வேண்டும். எங்கள் கடைசி ஜோடி, நிரஞ்சலாவும் பெரியாயியும், நின்றது. நிரஞ்சலா ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து கீழ்ப்பக்கத் தேயிலைக்குள் போய் மறைந்தது. இருவரும் இரண்டு ஓட்டம் ஓடினார்கள். டவுன் பிள்ளைகள் செடிகளுக்குள் தடவித் தடவிப் பார்த்தார்கள், பந்து அகப்படவில்லை. நிரஞ்சலா வழக்கம்போல் மட்டையை வைத்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கினாள். மூன்றாவது செடியடியில் கையை விட்டாள், பந்தோடு வெளியே எடுத்தாள், பக்கத்தில் நின்ற றிப்னா என்ற பிள்ளையிடம் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

றிப்னா பந்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். விக்கெட் பக்கமிருந்து அவளுடைய ஆட்கள் கத்தினார்கள். அவள் எறிந்தாள். விக்கெட் விழுந்தது, நிரஞ்சலா கோட்டுக்கு வெளியே தேயிலைக்குள் நின்றாள், நடுவர் விரலைத் தூக்கினார். ஆட்டம் முடிந்தது.

பிறகு நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. எங்கள் தோட்டத் தலைவர் மாரிசாமி, கப் இந்த இடத்தை விட்டு நகராது என்று நின்றார். நானும் சேர்ந்து கத்தினேன். நடுவர் நிரஞ்சலாவின் கையெழுத்துள்ள தாளைக் கொண்டுவந்து காட்டினார். எல்லா ஆட்டக்காரரும் கீழுள்ள விதிகளை வாசித்து விளங்கிக்கொண்டார்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. சத்தம் அடங்காததைப் பார்த்து, போட்டி நடத்தியவர்கள் அந்த இரண்டு பந்தையும் திரும்பப் போடலாம் என்று இறங்கி வந்தார்கள். பதுளை கைக்கு எட்டிவிட்டது என்றே நினைத்தேன்.

நிரஞ்சலா அந்தத் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்தாள். அவள் எதையும் அவ்வளவு மெதுவாகச் செய்து அன்றுதான் பார்த்தேன்.

“வேணாங்க தலைவரே. அந்தப் புள்ள சரியாத்தான் வெளையாண்டுச்சு. வாசிக்காம கையெழுத்துப் போட்டது நானு.”

மாரிசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தாளின் அடியில் ஒரு வரியில் விரலை வைத்து என்னிடம் நீட்டினாள். தேயிலைக்குள் விழுந்த பந்து கிடைக்கவில்லை என்று எதிரணி கையைத் தூக்கினால் அடித்தவருக்கு ஆறு ஓட்டம் என்று இருந்தது.

கோட்டுக்குள் சும்மா நின்றிருந்தால் போதும். அந்தப் பந்து அவர்களுக்கு ஆயுசுக்கும் கிடைத்திருக்காது.

நிரஞ்சலா அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதாள். பெரியாயி முதுகைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் தாள் இன்னும் ஸ்கோர் கொப்பிக்குப் பக்கத்தில் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். றிப்னாவிடம் போய்க் கைகொடுத்துவிட்டு, போட்டி நடத்தியவர்களின் மேசைக்குப் போனாள். விதித் தாள் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். அங்கே இருந்தவர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஒன்னு பத்தாது சேர். பன்னெண்டு குடுங்க.”

அணியில் பதினொரு பேர்தானே என்றார் அவர். நிரஞ்சலா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் என்னுடையதை வாங்கிக்கொண்டேன்.