நிலத்தை உப்ப வைத்த சித்தி

சித்தி ஒரு நகரத்தையே ஊதி வெடிக்க வைத்துவிட்டாள் என்றும், அதற்காக அருங்காட்சியகத்தில் அவளுடைய சீட்டைக் கிழிக்கப்போகிறார்கள் என்றும் தம்பிக்கு யாரோ சொல்ல, அவன் கடல் தாண்டி எனக்குச் சொன்னான். எனக்குச் சின்னச் சேதியே போதும். கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்த சித்தப்பா, பெட்டியைக்கூட வாங்காமல் சிரிக்கத் தொடங்கினார்.

"வாம்மா. உங்க சித்தி வாயைத் திறந்தா ரயில்தான் தாமதமாகும்னு நெனச்சிட்டிருந்தேன். இப்போ நாடே அழியுது."

சித்தி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். தாமதத்தைக்கூட நல்ல சேதி மாதிரி சொல்லும் குரல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தக் குரலை அருங்காட்சியகம் பிடித்துக்கொண்டது. பார்வையாளர்கள் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் பழைய நாகரிகங்களின் கதையைச் சொல்பவள் அவள்தான்.

வம்பு ஓர் ஆற்றங்கரை நகரத்தால் வந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக வயலுக்கு வாய்க்கால் வெட்டினார்கள். வடிகால் மட்டும் வெட்டவில்லை. தண்ணீர் வெயிலில் ஆவியாகிவிட, அதிலிருந்த உப்பு மண்ணிலேயே தங்கியது. முதலில் கோதுமை போயிற்று, பிறகு பார்லி போயிற்று, கடைசியில் ஜனங்களும் போனார்கள். சித்தி படிக்கவேண்டியதை எழுதிக் கொடுத்தவர் "நிலம் உவர்ப்படைந்தது" என்று எழுதியிருந்தார்.

"அது எந்தப் பிள்ளைக்குப் புரியும்டி?" என்றாள் சித்தி. "உப்பானதுன்னு சொல்லலாம்னு பார்த்தேன். வாயில உப்பியதுன்னு வந்துடுச்சு."

"நிலம் உப்பியது. நகரம் அழிந்தது." அப்படியே பதிவாகிவிட்டது, அத்தனை கம்பீரத்தோடு.

பள்ளிப் பிள்ளைகள் கூடத்தில் களிமண்ணால் செய்து வைத்திருந்த அந்த நகரத்தின் மாதிரியைச் சுற்றி நின்றுகொண்டு, அது எப்போது உப்பும் என்று காத்திருந்தார்களாம். பொறுமை போன ஒருத்தி, காற்று இறங்கட்டும் என்று வயலில் பென்சிலால் ஓட்டை போட்டாள். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

காப்பாட்சியர் சித்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியில கிடந்த நகரம்மா. நீங்க நாலே வார்த்தையில முடிச்சிட்டீங்க. வேற குரல் போடப்போறோம்."

சித்தி கொஞ்சம் அவகாசம் கேட்டாள். சமையலறை ஜன்னலில் இரண்டு தட்டு வைத்தாள். இரண்டிலும் ஒரே மண், ஒரே விதை, லேசாக உப்புக் கலந்த ஒரே தண்ணீர். ஒன்றின் அடியில் மட்டும் ஓட்டைகள் போட்டு, அவ்வப்போது தாராளமாக ஊற்றி வடியவிட்டாள். அதில் பச்சை எழுந்தது. மற்றதில் வெள்ளை படிந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் அந்தக் களிமண் நகரத்தின் பக்கத்தில் நின்றாள்.

ஒரு பையன் வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்தான். "அப்போ உப்பினது இல்லையா ஆன்ட்டி, உப்பு ஆனதா?"

"முதல்ல மனுஷனுக்குத் தலை உப்புச்சு. அப்புறம் நிலம் உப்பாச்சு."

அன்றைக்கு அந்தக் கூடத்தை விட்டு யாரும் நகரவில்லை. சித்தியும் சும்மா இருக்கவில்லை. பின்கட்டில் பூட்டிக் கிடந்த சாமான் அறையைக் கேட்டாள். வடிகால் வைத்த பாத்திகள், கை கழுவிய தண்ணீரை நாணலும் மணலும் வடிகட்டும் தொட்டி, ஒன்றும் விதைக்காமல் ஓய்வில் விடும் ஒரு பாத்தி, இதையெல்லாம் அங்கே அமைக்கப்போவதாகச் சொன்னாள். "அழிஞ்ச நகரங்களுக்கு இத்தனை கூடம் வச்சிருக்கீங்க. இனிமே இருக்கவேண்டிய நகரத்துக்கு ஒரு அறை குடுங்க சார்."

காப்பாட்சியர் தலையைச் சொறிந்தாராம். "நிர்வாகக் குழு சரின்னா அறை உங்களுக்கு. இல்லேன்னா தட்டும் வேண்டாம், குரலும் வேண்டாம்."

இன்றுதான் குழு கூடுகிறது. காலையிலிருந்து சித்தி வீட்டிலிருக்கும் செடித் தொட்டி எல்லாவற்றுக்கும் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். நல்ல வாளி ஒன்றுக்கும் போட்டுவிட்டாள். சித்தப்பா குளிக்கப் போய்த்தான் கண்டுபிடித்தார்.

"இந்த வீட்டுல இனிமே எதுவும் தேங்காது," என்று அவர் துண்டோடு வந்து சொல்ல, நானும் சித்தியும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்போதுதான் மேசைமேல் ஃபோன் அடித்தது. திரையில் காப்பாட்சியர் பெயர்.

"எடுங்க சித்தி."

"கையெல்லாம் மண்ணுடி. நீ எடு."

"உங்களைத்தானே கூப்பிடறாரு?"

"என்னங்க, நீங்க எடுங்க."

"நான் துண்டோட பேசமாட்டேன்," என்றார் சித்தப்பா.

மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சித்தி புடவையில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.