எமெத்தேரியோவின் விரல் நடுக்கம்

எங்கள் பிலார் ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கும் எமெத்தேரியோ ரிவேரோஸுக்குக் கை நடுங்கத் தொடங்கியது ஒரு மார்ச் மாதம். முடியைவிட மெல்லிய சுருள்வில்லை இடுக்கியால் பிடிக்கிறவனுக்கு விரல் ஆடினால் கடையை மூட வேண்டியதுதான். அந்த வாரமே நீதிபதியின் கைக்கடிகாரச் சுருள்வில் அவன் இடுக்கியில் கசங்கிப்போனது.

சுகாதார நிலைய மருத்துவர் அவன் நெஞ்சுப் படபடப்பைக் கேட்டார்.

"உங்க உடம்புக்குக் காஃபீன் ஒத்துக்கல. காபி, கோலா, சாக்லேட் எல்லாத்தையும் நிறுத்துங்க. யெர்பா இலையிலயும் அதேதான், கூடவே கூடாது."

எமெத்தேரியோ சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். மாட்டுக்கொம்புக் குவளையில் யெர்பாவைப் போட்டு, குளிர்ந்த நீர் ஊற்றி, ஒரே உறிஞ்சுகுழலில் மாறி மாறிக் குடிக்கும் எங்கள் தெருக் கூட்டத்திலிருந்து விலகினான். அது சின்ன விஷயமல்ல.

"எங்க வாய் பட்டது ஆகலியோ மச்சான்?" என்றான் செருப்புக்கடை பாசிலியோ.

எமெத்தேரியோ தனியே ஒரு கொம்புக் குவளை வாங்கினான். மூலிகைக்காரி தெயோலிந்தா இடித்துக் கொடுத்த பச்சிலையை மட்டும் அதில் போட்டுக் குடித்தான். நடுக்கம் நிற்கவில்லை. தெயோலிந்தாவிடம் போனான்.

"அக்கா, உரல்ல யெர்பா ஏதும் ஒட்டியிருந்துதா?"

"யெர்பாவ யாருடா உரல்ல இடிப்பா? என்னைச் சந்தேகப்படுற நேரத்துக்கு உன் வீட்டு அடுப்படியப் போய்ப் பாரு."

கோபத்தில் சொன்னதுதான். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். மனைவி செனோனா கொடுத்த எதையும் தொடாமல், தானே அவித்த மரவள்ளிக்கிழங்கும் தண்ணீருமாக இருந்தான். சில நாட்களில் விரல் அசையாமல் நின்றது. அதுதான் அவனை அதிகம் கலங்கடித்தது.

"என் சாப்பாட்டுல என்ன கலக்குற?"

"ஆமா, உன் சொத்துக்கு ஆசப்பட்டு வெஷம் வைக்கிறேன். இருக்கிறது நாலு ஓடாத கடிகாரம். காலையில வந்து பக்கத்துல நின்னு பாரு."

நின்றான். செனோனா பானையில் ஒரு பிடி இலையும் சர்க்கரையும் போட்டு, மேலே அடுப்பிலிருந்து ஒரு கங்கு எடுத்து வைத்தாள். புகைந்து கருகியதும் தண்ணீர் ஊற்றி, வடிகட்டி, பால் சேர்த்தாள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் குடிக்கும் கொசிதோ; தினமும் காலையில் அவனுக்கும் அதுதான். இலையை அவன் பார்க்கவில்லை. அவள் மடியையும் கையையுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தாச்சா? என்ன கலந்தேன்?"

"ஒண்ணுமில்ல. அது என்ன இலை?"

"யெர்பா. வேற என்னத்தப் போடுவாங்க?"

"யெர்பாவா?"

"அதான் கருக்கிட்டோமே. கருகினப்புறம் அதுல என்ன இருக்கும்? உங்கம்மா உனக்குக் குடுத்ததே இல்லியா?"

இங்கே யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நெருப்புப் பட்டால் இலையின் வீரியம் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை; காஃபீன் அப்படிப் போவதில்லை. மருத்துவரிடமும் அவன் கொசிதோவைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகள் குடிப்பதை யெர்பாக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

அதன்பின் சர்க்கரையை மட்டும் கருக்கிய பால்தான். நீதிபதியின் கடிகாரத்துக்குப் புதுச் சுருள்வில் முதல் முயற்சியிலேயே உட்கார்ந்தது. ஆனால் பாலை அவனேதான் காய்ச்சிக்கொள்கிறான்.

"நான் போட்டுக் குடுத்து, நாளைக்கு உன் கை ஆடுனா எம்மேலதான் வரும்," என்றாள் செனோனா.

ஒருநாள் நான் போயிருந்தபோது அவளுக்கும் ஒரு குவளை ஊற்றி நீட்டினான். வாங்கி முகர்ந்துவிட்டு மேசையில் வைத்தாள். நான் கிளம்பும்வரை அவள் அதைக் குடிக்கவில்லை.