பாறைக்குள் ஒரு முல்லை

என் கணவர் என் தலையிலிருந்த சரத்தில் ஒரு பூ கேட்டது, கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் கழித்துத்தான். சரசம் என்று நினைத்து எனக்கு வெட்கம் வந்துவிட்டது. அவரோ அதைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, சாயாகூடக் குடிக்காமல் எர்ணாகுளத்துக்கு மறுபடி பஸ் ஏறிப் போனார்.

கல்லூரியில் அவருக்குப் பூந்துகள் ஆராய்ச்சி, மகரந்தம் என்பார்களே அதுதான். டைனோசர்கள் நடமாடிய காலத்துப் பாறையைப் பொடித்து அமிலத்தில் போடுவார். கல் கரைந்துவிடும், பூந்துகளின் தோல் மட்டும் கரையாது. மூன்று பள்ளம் விழுந்த துகள் பூக்கும் செடிகளுக்கு மட்டுமே உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால், அந்தக் காலத்திலேயே இங்கே பூ பூத்தது என்பதற்குச் சாட்சி. அதற்காகப் பதினோரு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தார். சக்களத்தி இல்லாத குறையை அந்தப் பாறை எனக்குத் தீர்த்துவைத்தது.

ஒருநாள் கிடைத்தும்விட்டது. மூன்று நாள் மட்டாஞ்சேரி வீட்டில் அவர் கால் தரையில் பாவவில்லை. நாலாம் நாள்தான் உறுத்தல் வந்தது. கோடிக்கணக்கான வருடம் கல்லுக்குள் நசுங்கிக் கிடந்தது இத்தனை உப்பலாக இருக்குமா? வெளித்துகள் வந்து விழுந்துவிடும் என்று அவருடைய ஆராய்ச்சி அறையில் ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அவர் மறந்துபோன சோற்றுப்பாத்திரத்தோடு நான் போயிருந்தேன். தலை நிறைய முல்லை. மூடாமல் வைத்திருந்த கண்ணாடிச் சில்லின்மேல் குனிந்து, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

என் பூவைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அன்று பொழுது சாயத் திரும்பி வந்தார். "கேட்டியோ, நான் கண்டுபிடிச்சது உன் தலைப்பூவாக்கும்," என்று சிரித்தார். சிரித்தபடியே கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

"இனிமே நான் பூவே வைக்கலை," என்றேன்.

"அங்க வரும்போ வேண்டாம். இங்க வைக்கணும்," என்றார். அப்புறம் வெள்ளிதோறும் அவரே ஒரு முழம் வாங்கி வந்தார். தேடிய துகள் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அவர் போன பத்தாம் நாள் என் தலையிலிருந்து பூவை எடுத்தார்கள். வழக்கம்தானே என்று நானும் குனிந்துகொடுத்தேன். மூன்று வருடமாக அவருக்காக ஏங்குகிறேன். அந்த வாசனைக்காகவும் ஏங்குகிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை கலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் கேட்டேன். தேனிப் பக்கத்திலிருந்து வந்த பூக்காரப் பெண், "மகளுக்காம்மா?" என்றாள்.

"இல்லை. எனக்காக்கும்."

என் வெறும் நெற்றியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு முழம் போட்டுக் கிள்ளி, "திரும்புங்கம்மா," என்று தானே வைத்துவிட்டாள்.