ஒன்பது பக்கத் தீர்ப்பு

என் முதல் மனைவிக்குப் புத்தி சரியில்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்து, பொய் சொல்லி, நான் விவாகரத்து வாங்கினேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுக்குள் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அதிலும் பெரும்பங்கு என் முன்கோபம்.

நாங்கள் பிரிந்தது கோர்ட்டில் அல்ல. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கித் தீர்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆனால் நான் அரசுப் பள்ளி ஆசிரியர். மறுமணம் செய்வதானால் அந்தத் தாள் செல்லாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வலுவான காரணம் ஒன்று வேண்டும் என்றார் வக்கீல். நான் தேர்ந்தெடுத்த காரணம் இது. தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் சீட்டும் வாங்கிச் சேர்த்தேன். நோட்டீஸ் போனபோது அவளுடைய அப்பா, ஊரில் தீர்த்தாகிவிட்டதே, இனிக் கோர்ட் எதற்கு என்று அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டார். அவர் அப்படித்தான் இருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் வழக்கே போட்டேன். அவர்கள் தரப்பில் யாரும் வராமலே தீர்ப்பு வந்தது. என் கைக்கு வந்த நகலை அலுவலகத்தில் காட்டிய பிறகு கிழித்துப் போட்டேன். மறுமணம் செய்தேன், பிள்ளைகள் பிறந்தார்கள், அந்த மனைவியும் காலமாகிவிட்டாள். அந்த நகலில் இருந்தது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் ஒரு நாள் காலையில் போன் வந்தது.

"புளியங்குடியில இருந்து பேசுதேன்" என்றது ஒரு குரல். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை; என் முதல் மனைவிதான். பிரிந்த பிறகு அவள் தம்பி வீட்டில் இருந்துகொண்டு, பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அம்மா போயிட்டா. அப்பா கவர்மென்ட் ஆஸ்பத்திரியில வேலை பாத்ததுக்கு, அம்மாவுக்கு அப்புறம் அந்தப் பென்ஷன் எனக்கு வருமாம். பெரியவங்க எழுதின தாளு செல்லாதுன்னுட்டாங்க. கோர்ட்டு காயிதம் கேக்காங்க. உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல. நான் வாங்கித் தாரேன்."

"வேண்டாம். வழக்கு எந்த வருசம்னு மட்டும் சொல்லுங்க, நானே அலைஞ்சுக்கிடுதேன்."

"நீ அலையாண்டாம். நான் வாங்கித் தாரேன்" என்று அவசரமாகச் சொன்னேன். உதவும் ஆசையில் சொன்னதல்ல. அவள் போனால் படித்துவிடுவாள் என்ற பயத்தில் சொன்னது.

என் வக்கீல் இறந்து பல வருடம். சங்கரன்கோவிலில் வேறொரு வக்கீலிடம் வேலை பார்க்கும் குமாஸ்தாவைப் பிடித்தேன். நகல் வாங்கிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். விஷயத்தைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசுல டைவர்ஸ் காப்பியா? அண்ணாச்சி மறுபடியும் மாப்பிள்ளை ஆகப் போறியளோ?"

"எனக்கில்ல வே. அந்த அம்மாவுக்கு. பென்ஷனுக்கு."

"அப்பம் டிகிரியும் வேணும், ஜட்ஜ்மென்டும் வேணும். ரெண்டுக்கும் சேத்துப் போட்டுருவோம்."

டிகிரி என்பது திருமணம் ரத்து என்று முடிவை மட்டும் சொல்லும் தாள். காரணமெல்லாம் ஜட்ஜ்மென்டில்தான் இருக்கும். "டிகிரி மட்டும் போதும்" என்றேன்.

"போதாது அண்ணாச்சி. திருப்பி அனுப்புவான். வயசான பொம்பளைய எதுக்கு ரெண்டு தடவை அலைய விடுதியோ?"

அவர் இரண்டையும் எழுதி மனுவில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

வழக்கு எண் எனக்கு நினைவில்லை. வருடத்தை வைத்துப் பழைய பதிவேட்டில் தேட வேண்டும். காலம் கடந்த வழக்குக் கட்டுகளை விதிப்படி அழித்துவிடுவதும் உண்டு என்றார் குமாஸ்தா. அதைக் கேட்டபோது என் மனதில் ஓடியதை மறைக்க மாட்டேன். அழிந்துபோயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவளுக்கு அந்தப் பென்ஷன் வராமல் போகும் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டேன்.

மனுவைப் பார்த்து, எத்தனை பக்கம் வரும் என்று கணக்கிட்டு, அத்தனை முத்திரைத்தாள் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதைப் பார்க்கத் தினமும் பத்தரை மணிக்குப் போய் நின்றேன். குமாஸ்தா பார்த்துச் சொல்வார்தான். ஆனாலும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கட்டு அழிந்திருக்கவில்லை; மூன்றாவது வாரம் என் மனு எண் பலகையில் இருந்தது. டிகிரி இரண்டு பக்கம், ஜட்ஜ்மென்ட் ஒன்பது பக்கம்.

நகல் கைக்கு வந்த அன்று கோர்ட் வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். நான்காம் பக்கத்தில் என் சாட்சியம். அவள் கொல்லைப்புறத்தில் தனியாக நின்று மணிக்கணக்கில் தனக்குத்தானே பேசுவாள் என்று சொல்லியிருந்தேன். பேசியது உண்மை. அப்போது அவள் ஆசிரியர் பயிற்சியில் சேர்வதற்காகப் படித்துக்கொண்டிருந்தாள். பாடத்தை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வாள். நானே புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவளிடம் கேள்வி கேட்டிருக்கிறேன்.

குமாஸ்தாவிடம் திரும்பிப் போனேன். நான் சொன்னது பொய் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி இதோடு சேர்த்துத் தந்துவிடுகிறேன் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"உங்களுக்குக் கேஸு வந்தா வந்துட்டுப் போவுது. ஏமாத்தி வாங்கின தீர்ப்புன்னு ஆயிட்டா, டைவர்ஸே செல்லாதுன்னு ஒருத்தன் கிளப்புவான். அந்தம்மா பென்ஷனுக்கு எங்க போவா? சும்மா இரும் வே."

அதுவரை மரியாதையாக அண்ணாச்சி என்றவர் இப்போது வே என்றதும் சரிதான். எழுத்தில் திருத்த வழியில்லை. வாயால் சொல்ல மட்டும்தான் முடியும்.

மறுநாள் பஸ்ஸில் புளியங்குடி போனேன். வழியெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முடி முழுக்க வெள்ளையாகியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"இதுல உன்னைப் பத்திப் பொய் எழுதியிருக்கு. நான் சொன்ன பொய். நீ படிச்சுத் தெரிஞ்சுக்கிடுததுக்கு முன்ன நானே சொல்லணும்னு வந்தேன்" என்றேன்.

அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒன்பது பக்கத்தையும் படித்தாள். நடுவில் நிறுத்தவில்லை.

"பரீட்சைக்குப் படிச்சதையா சொல்லியிருக்கிய?"

"ஆமா."

"அதுக்கப்புறம் ரெண்டு எடத்துல இருந்து என்னைக் கேட்டு வந்தாங்க. ரெண்டு பேரும் திரும்பி வரல. எனக்குக் கிறுக்குன்னு ஊர்ல ஒரு பேச்சு. எங்கேருந்து கிளம்புச்சுன்னு இத்தனை வருசமா தெரியல." பக்கங்களை வரிசையாக அடுக்கினாள். "தம்பி வருவான். அவங்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க."

ஒரு மணி நேரம் காத்திருந்து அவள் தம்பியிடமும் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டார். "யக்கா, இந்த ஆளுக்குத் தண்ணி வேற குடுத்தியா?" என்று மட்டும் அக்காவிடம் கேட்டார்.

அத்தோடு முடியவில்லை. பென்ஷன் அலுவலகத்தில் தீர்ப்பைப் படித்துவிட்டு, விண்ணப்பதாரர் தானே கையெழுத்திட்டுப் பணம் பெறும் மனநிலையில் இருக்கிறார் என்று அரசு மருத்துவரின் சான்று கேட்டார்கள். அந்த அலுவலகத்தில் பழக்கமுள்ள குமாஸ்தா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உடனே போன் செய்தேன். கூட வருகிறேன், மருத்துவரிடம் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன்.

"என் புத்திக்கு நீங்க சாட்சி சொன்னது போதும்" என்றாள்.

தனியாகத்தான் போனாள். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள் என்றெல்லாம் மருத்துவர் கேட்டாராம். அறுபத்தாறு வயதில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறாள். இதையெல்லாம் அவள் தம்பி, ஆணை வந்த பிறகு போனில் சொன்னார். நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஆர்டர் வந்துட்டு. இனிமே இங்க போன் பண்ணாதேயும்."

சரி என்றேன். அவர் அதற்குள் வைத்துவிட்டார்.