எண்பத்தைந்து டிகிரி வரை

என் மனைவியின் வலது முழங்கால் சரியாக மடங்காமல் போனதற்கு நான்தான் காரணம். அதை மறைத்தேன். பழியை அவள் தன் உடம்பின் மேலேயே போட்டுக்கொண்டபோது, ஒரு வருடம் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன்.

நாற்பது ஆண்டுகள் அவள் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடினாள். குழுவுக்கான இடம் கோயில் வாசலுக்கு மேலே உள்ள மாடம். ஏறிப் போக ஒடுக்கமான, செங்குத்தான பதினெட்டு மரப்படிகள். மூட்டு தேய்ந்த பிறகு அவளால் ஏற முடியவில்லை. பூசை நேரத்தில் கீழே பெஞ்சில் இருந்துகொண்டு மாடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். மூட்டு மாற்று அறுவைக்குச் சம்மதித்ததே அந்தப் பதினெட்டுப் படிகளுக்காகத்தான்.

அறுவை நன்றாக நடந்தது. வீட்டுக்கு வந்ததும், முத்தையாபுரத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் தினமும் காலையில் ஸ்கூட்டரில் வந்தாள். மனைவியைக் கட்டிலோரம் உட்காரவைத்து, கணுக்காலைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளி முழங்காலை மடக்குவாள்.

“விடுளா! காலு பிஞ்சிரும்ளா!”

“பிய்யாது ஆன்ட்டி. மாடியில போயி பாடணுமா, வேண்டாமா?”

“கீழ கெடந்தே பாடிக்கிடுதேன். விடு!”

“இப்ப போடுதீங்கள்லா சத்தம், இதையே மேல போயிப் போடுங்க.”

நான் அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருப்பேன்.

நான் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவன். புதிய பேரிங் பொருத்தினால் முதலில் பளு ஏற்றாமல் மெதுவாக ஓடவிட்டுப் பழக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எக்ஸ்ரேயில் அந்த உலோக மூட்டைப் பார்த்தபோது எனக்கு அது பேரிங்காகவே தெரிந்தது. பொருத்தி மூன்று வாரம்கூட ஆகாததை இப்படி முறுக்கினால் கெட்டுப்போகும் என்று தீர்மானித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தவறு என்று சொல்லியிருப்பார்கள். அவள் அலறலை நான் தொடர்ந்து கேட்க வேண்டியிருந்திருக்கும்.

ஒருநாள் காலையில் அந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தினேன். சென்னையில் மகள் வீட்டுக்குப் போகிறோம், இனி அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்றேன். உள்ளே வந்து மனைவியிடம், “இவ்வளவு மடங்குனா போதும்னு சொல்லிட்டுப் போயிட்டு அந்தப் பிள்ள” என்றேன். அவள் நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாலாவது மாதத்தில் முழங்கால் எழுபது டிகிரியில் நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். டாக்டரிடம் போனோம். பயிற்சியெல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன், “நடந்தது டாக்டர்” என்றேன்.

அவர் வேறு காரணங்களைத் தேடினார். அறுவைக்கு முன்பே மூட்டு எவ்வளவு இறுகியிருந்தது என்று பழைய தாள்களைப் புரட்டினார். தொடைத் தசையை அழுத்திப் பார்த்தார். சர்க்கரை உண்டா என்று கேட்டார், இல்லை. உடல் எடையும் ஒரு காரணமாகலாம் என்றார். முதல் சில வாரங்களில் வந்திருந்தால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிப் பார்த்திருக்கலாமாம். அந்தக் கட்டம் கடந்துவிட்டது.

அத்தனையிலும் அவள் எடையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து இரவுச் சோற்றை நிறுத்தினாள். நான் சாப்பிடும்போது எதிரில் ஒரு தம்ளர் மோருடன் உட்கார்ந்திருப்பாள். “ஒங்களயும் சேத்து அலையவச்சிட்டேன், என்னங்க” என்று ஒருநாள் என்னிடம் வருத்தப்பட்டாள். நான் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே, பரவாயில்லை என்றேன்.

அடுத்த ஆண்டு தவக்காலத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னேன். அவர் பரிகாரமாகச் செபம் எதுவும் விதிக்கவில்லை. “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? வீட்டுல போயிச் சொல்லிட்டு வாங்க” என்றார்.

அன்று மாலை அவள் காலை நீட்டி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கை நின்றது.

“அப்போ ஒரு வருசமா ராத்திரி பட்டினி கெடந்தேனே, அது எதுக்கு?”

அவள் கையைக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போனாள். எனக்கென்று வைத்திருந்த சோற்றையும் குழம்பையும் தன் தட்டில் போட்டுச் சாப்பிட்டு முடித்தாள். அன்று நான் மோர் குடித்தேன்.

மறுநாள் முத்தையாபுரம் போய் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“அங்கிள், இரும்பு அன்னைக்கே ரெடி. அதச் சுத்தி இருக்க சதைதான் பழகணும். அசையாம போட்டா உள்ள தழும்பு விழுந்து இறுகிரும். கப்பல் மூளைய ஆன்ட்டி காலுல காட்டிட்டீங்களே!”

திட்டிவிட்டு வந்தாள். பத்து மாதம் பயிற்சி நடந்தது. மனைவி பாதத்தில் துண்டைக் கோத்துத் தானே இழுத்துப் பழகினாள். நான் அதே அறையில் இருந்து எண்ண வேண்டும் என்பது அவள் உத்தரவு. அலறலுக்கு நடுவே எண்ணினேன். எண்பத்தைந்து டிகிரி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அதை வைத்து மாடத்துக்கு ஒவ்வொரு படியாக ஏறிவிட்டாள். இறங்கத்தான் முடியவில்லை. கப்பலின் எஞ்சின் அறை ஏணியில் நாங்கள் படியைப் பார்த்தபடி, இரு பக்கமும் பிடித்துப் பின்பக்கமாக இறங்குவோம். பாடகர் குழு மொத்தமும் பார்க்க, அப்படி இறங்கிக் காட்டினேன். அவளும் இறங்கினாள்.

“ஏளா, கப்பல்காரன் பொண்டாட்டி எறங்குத அழகப் பாரு!” என்று ஒருத்தி சிரித்தாள்.

“சிரிளா, சிரி. ஒனக்கு மூட்டு தேயாமலா போவும்?” என்றாள் இவள், பாதிப் படியில் நின்று.

இப்போது ஞாயிறுதோறும் மேலே பாடுகிறாள். இறங்கும்போது கடைசிப் படியில் பிடித்துக்கொள்ள நான் கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். அவளோ உடன் பாடும் பெண்களின் கையைப் பிடித்து இறங்கிக்கொள்கிறாள். வீட்டில் வழக்கம்போலப் பேசுகிறாள், இரவில் சாப்பிடுகிறாள். டாக்டர் சொன்னதாக நான் எதையாவது சொன்னால் மட்டும், முத்தையாபுரத்துப் பெண்ணுக்கு ஃபோன் போட்டு, “நெசந்தானாளா?” என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறாள்.